இலுப்பையடியை விழுங்கிய கார்

அந்தக் கார் படலைக்குள் நுழைந்த நாள் தொடக்கம் பாலேஸ்வரிக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. கரவெட்டியில் அந்த ஒழுங்கைக்குள் அதற்கு முன் அப்படி ஒரு கார் வந்ததில்லை என்பது உண்மைதான். கரும்பச்சை நிறம், உள்ளே தோல் இருக்கை, மினுக்கின மரப்பலகை பதித்த முகப்பு. ஒழுங்கைச் சனம் முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. புருசன் நடராசா இறங்கி, கதவுக்கு நோகுமோ என்று பயந்தவர் மாதிரி மெல்லச் சாத்திவிட்டு, "பாலேஸ், இது சும்மா கார் இல்லை. றைலி. ஸ்போட்ஸ் சலூன். ரெண்டு காபரேற்றர்" என்றார்.

"ரெண்டு என்னவாயிருந்தா எனக்கென்ன? எனக்கு இருந்தது ஒரு தோட்டம். அதைத் திண்டுபோட்டுத்தானே வந்து நிக்குது!" என்றாள் பாலேஸ்வரி. சொன்னவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தியதில் வேலிக்கரையில் நின்ற சனம் கலைந்து போனது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. கேட்டால் உங்களுக்கும் வரும்.

தாய் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது இலுப்பையடித் தோட்டம். எட்டுப் பரப்பு. நடுவில், கோடையிலும் வற்றாத நல்ல தண்ணீர்க் கிணறு. நடராசா கொழும்பில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் கிளாக்கர் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளி மாதிரி வந்துபோன காலமெல்லாம் அந்தத் தோட்டத்தைக் கட்டி ஆண்டது பாலேஸ்வரிதான். ஆள் பிடித்து வேலை செய்விப்பாள். ஆள் வராத நாளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே மண்வெட்டியோடு இறங்கிவிடுவாள். வெங்காயம் போட்டாள், மிளகாய் போட்டாள், ஒரு வருசம் புகையிலையும் போட்டுப் பார்த்தாள். புருசன் அனுப்புகிற மணியோடருக்காக அவள் ஒரு நாளும் தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்ததில்லை. அந்தத் திமிர் அவளுக்கு எப்போதும் உண்டு. இருந்தால் என்ன? உழைத்த திமிர்.

எண்பத்துமூன்று ஆடியில் கொழும்பு எரிந்தபோது நடராசா அகதி முகாமில் இருந்து, கப்பலேறி, காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். உடம்பில் யாரோ கொடுத்த சாரம், யாரோ கொடுத்த சேட். உத்தியோகமும் போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் சாய்மனைக் கதிரையில் கிடந்து கூரையைப் பார்த்தார். மாதக்கணக்காகப் பார்த்தார். பாலேஸ்வரி முட்டைக்கோப்பி அடித்துக் கொடுத்தாள், கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். மனுசன் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தது ஒரு காருக்காக. யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் வெளிநாடு போகிறார், தன் றைலியை விற்கப் போகிறார் என்று யாரோ சொல்லப்போக, கதிரையில் கிடந்த மனுசன் எழும்பி உட்கார்ந்தார். கொழும்பில் கம்பனித் துரையிடம் அதே மாதிரி ஒன்று இருந்ததாம். களஞ்சிய வாசலில் அது வந்து நிற்கும்போதெல்லாம் இவர்தான் ஓடிப்போய்க் கதவு திறந்து விடுவாராம். ஒரு நாளாவது உள்ளே இருந்து பார்த்ததில்லையாம். "வாங்கினமெண்டால் ஹயர் ஓடலாம் பாலேஸ். கலியாணம், சாமத்தியவீடு எல்லாத்துக்கும் எங்கடை கார்தான். நான் உழைச்சு உமக்கு ரெண்டு தோட்டம் வாங்கித் தாறன்" என்று சொல்லிச் சிரித்தார். கப்பலால் இறங்கிய பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

பாலேஸ்வரி கையெழுத்து வைத்தது அந்தச் சிரிப்புக்கு. உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கந்தோரில் யாரும் அவளிடம் உனக்குச் சம்மதமோ என்று கேட்கவில்லை. இடத்தை விரலால் காட்டினார்கள், அவள் வைத்தாள். பக்கத்துத் தோட்டக்காரர் கதிரவேலு, அவளுக்குத் தூரத்து முறையில் அண்ணன், இலுப்பையடியை வாங்கிக்கொண்டார். ஒரு இளிச்ச வாய்க்கு எட்டுப் பரப்பை அள்ளிக் கொடுத்தேனே என்று பிறகு எத்தனையோ தரம் அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஹயர் ஓடினாரோ? ஓடின சீரைக் கேளுங்கள். வெங்காயச் சாக்கு ஏற்ற ஒருவர் வந்தார். சீற்றில் மண் படும் என்று அனுப்பிவிட்டார். பிள்ளைப்பேற்றுக்கு ஒருத்தியை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். அதற்குப் போனார், ஆனால் சீற்றுக்கு மேலே பாய் விரித்து, பாய்க்கு மேலே சாக்கு விரித்து, அவளை ஏற்றுவதற்குள் அவள் தாய் வாசலில் நின்று கத்தத் தொடங்கிவிட்டாள். கல் ஒழுங்கைக்குள் இறக்கமாட்டார். மழைக்கு எடுக்கமாட்டார். கலியாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு பருத்தித்துறை வீதியில் பறப்பார். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டப் போகிற வழியில் வயிற்றைப் பிரட்டி வேட்டியெல்லாம் சத்தி எடுத்து, மணவறையில் வேறு வேட்டியோடு இருந்தான். அதற்குப் பிறகு கேட்பவர்களும் குறைந்துபோனார்கள்.

ஆனால் பராமரிப்பு என்றால் பராமரிப்பு! ஞாயிற்றுக்கிழமை காலையில் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு றப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை ஒரு காபரேற்றரின் வாயில் வைத்துக் கேட்பார். பிறகு மற்றதன் வாயில் வைத்துக் கேட்பார். இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடவேண்டுமாம். கால் இஞ்சி திருகாணியைத் திருப்புவார், திரும்பக் கேட்பார். மத்தியானச் சோறு ஆறிப்போகும்.

"நான் மூச்சு விடுறனோ எண்டு ஒரு நாள் உப்பிடிக் கேட்டிருப்பியளோ?" என்பாள் பாலேஸ்வரி.

"உமக்கு உதுகள் விளங்காது" என்பார், காதிலிருந்து குழாயை எடுக்காமலே.

ஊர்ச்சனமும் அவர் பக்கம்தான். "பிள்ளை குட்டி இல்லாத மனுசன் பாவம், ஒரு காரை வைச்சுச் சந்தோசப்படட்டுமே" என்பார்கள். பிள்ளை இல்லாதது அவளுக்கும்தானே? அவள் எதை வைத்துச் சந்தோசப்படுவது? அதை ஒரு கண்டறியாத சனமும் கேட்கவில்லை. எண்பத்தேழில் ஷெல் விழுந்து ஊரே கோயிலுக்கு ஓடியபோது, பாதி வழியில் திரும்பிப் போனார் நடராசா. அவள் பதறிப்போய் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காருக்குத் தென்னோலை வெட்டி மூடிவிட்டு வந்தாராம். "செத்திருந்தா?" என்று கேட்டாள். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்றார். அன்று கோயில் மண்டபத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில், அவள் வாய்க்கு வந்தபடி ஏசியதை இன்றைக்கும் கதைப்பவர்கள் இருக்கிறார்கள்.

தொண்ணூறில் பாதை அடைபட்டு, பெற்றோல் என்பது மருந்துக் குப்பியில் விற்கிற சாமானாகிப் போனது. ஊரில் ஓடின பழைய கார்களெல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறிவிட்டன. இரண்டு சொட்டுப் பெற்றோலில் உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடும். றைலி மட்டும் மாட்டேன் என்றது. துரைமார் கார் அல்லவா? மண்ணெண்ணெயை ஊற்றினால் உள்ளே உரலில் கல்லை இடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டு நின்றுவிடும். குருநகரில் வள்ளத்து எஞ்சின் திருத்தி, இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்திருந்த லியோன் பார்த்துவிட்டு, "அண்ணை, உள்ளுக்கை அமுக்கம் கூட. மொத்தமான பாக்கிங் ஒண்டு போட்டு, ஒரு காபரேற்றரைக் கழட்டி எறிஞ்சால் ஓடும்" என்றான்.

நடராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒண்டைக் கழட்டினால் அது பிறகு றைலியோ? போடா, போய் உன்ரை வள்ளத்தைப் பார்!"

ஆகவே கார் கொட்டிலுக்குள் கல்லில் ஏறியது. ஏறியும் அடங்கவில்லை. எஞ்சின் இறுகிவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திருகி இயக்குவார். பெற்றோல் கிடைக்காத ஞாயிறுகளில், கொஞ்சப் பெற்றோலோடு கூப்பனுக்குச் சங்கக்கடையில் கிடைத்த மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றுவார். பாலேஸ்வரி வெயிலில் வரிசையில் நின்று வாங்கி வந்த எண்ணெய். ஒரு நாள் பொழுதுபட, ஜாம்போத்தல் விளக்கைக் கொளுத்தப் போனால் போத்தல் வறண்டு கிடக்கிறது. கலனைத் தூக்கினாள், அதுவும் வெறுமை.

அவளுக்குக் கண்மண் தெரியவில்லை. வெறும் கலனைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், மினுக்கி வைத்திருந்த பொனற்றில் அடித்தாள். நசிந்தது. இன்னொன்று போட்டாள்.

"விசரே உமக்கு!" என்று நடராசா ஓடிவந்து நசிந்த இடத்தைத் தடவினார்.

"ஓம், விசர்தான்! மனுசர் இருட்டிலை கிடக்க, உந்தக் கோதாரி விழுந்த கார் எண்ணெய் குடிக்குது! இதிலை பாதி என்ரை, தெரியுமே? கலியாணத்துக்குப் பிறகு வாங்கினது தேடியதேட்டம். பாதி எனக்கு. என்ரை பாதியைத்தான் அடிச்சனான். உங்கடை பாதியை நீங்கள் தடவுங்கோ!"

அதற்குப் பிறகுதான் அவள் கூலிக்குப் போகத் தொடங்கினாள். வேறு என்ன செய்வது? வீட்டில் வருமானம் என்று ஒரு சதம் இல்லை. வேறு எங்கும் போகவில்லை. இலுப்பையடிக்கே போனாள். தன் தாய் எழுதித் தந்த மண்ணில், தான் வெட்டின வாய்க்கால் கரையில் குந்தியிருந்து, கதிரவேலுவின் வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கினாள். நடராசாவுக்கு அது பொறுக்கவில்லை. "கிளாக்கற்றை மனுசி கூலிக்குப் போறா எண்டு ஊர் சிரிக்குது. என்ரை மானம் போகுது" என்றார்.

"உங்கடை மானத்தைக் கவனமாக் காருக்குள்ளை வைச்சுப் பூட்டுங்கோ. திறப்பு உங்களிட்டைத்தானே" என்றாள்.

தோட்டத்தில் அவளோடு சரிசமமாகக் குந்தியிருந்து வேலை செய்தவள் கதிரவேலுவின் மகள் மகாதேவி. படித்த பிள்ளை, ஆனால் மண்ணுக்குக் கூசாத கை. தண்ணி மாறும்போது பாத்தியின் வாயை அவள் காலாலேயே வெட்டி அடைக்கிற வடிவைப் பார்த்து பாலேஸ்வரிக்கே ஆசையாக இருக்கும். பாலேஸ்வரி அவளிடம் கதைத்ததெல்லாம் ஒரே கதைதான்: தன்னை ஒரு சொல் கேளாமல் காணியை வித்த கதை. மகாதேவி ஒரு நாளும் சலிக்காமல் கேட்பாள். வருசக்கணக்காகக் கேட்டாள்.

"என்னைக் கேக்காமல் உப்பிடி ஒண்டைச் செய்தினமெண்டால் நான் கிணத்துக்கட்டிலை ஏறி நிண்டு ஊரைக் கூட்டுவன் மாமி" என்று ஒரு நாள் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஐயா இந்தக் காணியை எனக்குத்தான் எழுதுறதெண்டு சொல்லியிருக்கிறார். எழுதினாப் பிறகும் நீங்கள் வரவேணும். கூலிக்கில்லை. சும்மா, உங்கடை தோட்டத்துக்கு வாறமாதிரி" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். பாலேஸ்வரிக்குப் பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.

தொண்ணூற்றைந்து பிறக்க, சண்டை ஓயப் போகிறது, பாதை திறக்கப் போகிறது, பெற்றோல் வரப் போகிறது என்று ஊரெல்லாம் ஒரே கதை. அந்தக் கதையோடு கதையாகக் கதிரவேலு ஒரு நாள் பாலேஸ்வரியைத் தேடி வீட்டுக்கு வந்தார். நடராசா சங்கக்கடைக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, மேள் மகாதேவிக்குக் கலியாணம் பொருந்தியிருக்குது. மந்திகையிலை மருந்துக்கடை வைச்சிருக்கிற பெடியன். அவைக்குக் காணி வேண்டாமாம். கார் வேணுமாம். பெற்றோல் வந்தால் காருக்கு விலை கேக்க ஏலாதெண்டு இப்பவே நிக்கினம்." தொண்டையைச் செருமினார். "உங்கடை றைலியைத் தந்தியளெண்டால், இலுப்பையடியை உன்ரை பேருக்கே திருப்பி எழுதித் தாறன்."

பாலேஸ்வரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். இலுப்பையடி. தன் பெயருக்கு. மகாதேவியின் முகம் ஒரு கணம் வந்தது. வந்ததை, உலையில் பொங்குகிற நுரையை அகப்பையால் ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிவிட்டாள். தகப்பன் மகளிடம் கேட்டிருப்பார்தானே? கேட்காவிட்டால் அது அவர்கள் வீட்டுக் கதை.

"பாதி அவற்றை, அண்ணை. மனுசன் சாகும்வரைக்கும் விக்காது" என்றாள்.

"எதுக்கும் நொத்தாரிசிட்டை ஒரு சொல் கேட்டுப் பாரன்" என்றார் கதிரவேலு.

அடுத்த நாள் காலையிலேயே போய்க் கேட்டாள். நொத்தாரிசு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஆறுதலாகக் கேட்டார், "கார் வாங்கின காசு எதாலை வந்தது பிள்ளை?"

"என்ரை சீதனக்காணி வித்த காசு. முழுக்காசும்."

"அப்ப அது தேடியதேட்டம் இல்லை. சீதனத்தை வித்து வாங்கினதும் சீதனத்தோடைதான் சேரும். கார் முழுக்க உம்முடையது."

"முழுக்கவோ?"

"முழுக்க. இன்னொண்டு கேளும். காணியெண்டால் உம்முடையதாயிருந்தாலும் விக்கிறதுக்கும் ஆருக்கும் எழுதிக் குடுக்கிறதுக்கும் புருசன்ரை கையெழுத்து வேணும். கார் அசையிற சொத்து. அதுக்கு வேண்டாம்."

பாலேஸ்வரி சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வீதியால் நடந்து வரும்போது வருசங்களை எண்ணிப் பார்த்தாள். பதினொரு வருசம்! பதினொரு வருசமாகத் தன் காரில், தன் முழுக் காரில், ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றித் தட்டிவிட்டு ஏறியிருக்கிறாள். பின் சீற்றில் இருந்திருக்கிறாள். ஒரு தரம் கூட முன்னுக்கு வா என்று அந்த மனுசன் கூப்பிடவில்லை. பாதி என்று கத்தினபோதெல்லாம் தான் அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறேனோ என்று உள்ளுக்குள் பயந்தும் இருக்கிறாள். மடைச்சி! தன்னைத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள், வீதியில் வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

வழியில் கதிரவேலுவிடம் ஓம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒளிக்காமல் மறைக்காமல் சொன்னாள். "காரை வித்துப்போட்டன். கதிரவேலண்ணைக்கு. நாளைக்கு எடுக்க வருவினம்."

நடராசா முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "என்ரை பேரிலை இருக்குது கார்."

"பேர் உங்கடை. காசு என்ரை. நொத்தாரிசிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான். வேணுமெண்டால் நீங்களும் போய்க் கேளுங்கோ."

அவர் போய்க் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் வந்தபோது, நடராசா காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு சாரதி இருக்கையில் இருந்தார். கதிரவேலு கண்ணாடியில் தட்டினார். லியோன், "அண்ணை, இறங்குங்கோ அண்ணை" என்று கெஞ்சினான். ஒழுங்கைச் சனம் பழையபடி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. நடராசா ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே படலையைப் பார்த்தபடி இருந்தார்.

"இருக்கட்டும்" என்றாள் பாலேஸ்வரி. "ஆளோடை தள்ளுங்கோ!"

லியோன் கல்லிலிருந்து இறக்கி, சில்லுக்குக் காற்றடித்து, நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு தள்ளினான். கார் கொட்டிலை விட்டு வெளியே வந்தது. முற்றத்தில் உருண்டது. படலையடிக்கு வந்தபோது பின்னுக்குத் தள்ளினவர்களுக்கு முன்பக்கம் தெரியவில்லை; மட்காட் சீமெந்துத் தூணுக்குக் கிட்டப் போனது. இன்னும் ஒரு விரற்கடைதான்.

காருக்குள் இருந்த மனுசனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கண்ணாடியைச் சடாரென்று இறக்கி, "டேய், நில்லுங்கோடா! உரசப் போகுது! எப்பன் பின்னுக்கு எடு... இப்ப மெல்ல... மெல்லத் தள்ளு..." என்று கத்திக்கொண்டே ஸ்ரியறிங்கை வளைத்து, தூணில் ஒரு கீறல் படாமல், தன் காரைத் தானே படலைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது அவருக்கு உறைத்தது. கதவைத் திறந்து இறங்கினார். திறப்பை நீட்டினார், கதிரவேலுவுக்கு அல்ல, லியோனுக்கு. "கழட்டிற காபரேற்றரை எறியாதை" என்றார். அதோடு வீட்டுக்குள் போனவர், அந்தக் கிழமை முழுக்க பாலேஸ்வரியோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

பாலேஸ்வரிக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. உறுதி எழுதியாயிற்று. இலுப்பையடி அவள் பெயரில். விடிய எழும்பித் தோட்டத்துக்குப் போனாள். பழைய வாய்க்காலை மூடி, தன் கணக்குப்படி புதிதாக ஒன்று வெட்டினாள். வியர்வை ஒழுக ஒழுக வெட்டினாள். இத்தனை வருசமும் நெஞ்சுக்குள் கிடந்து எரிந்ததெல்லாம் அந்த மண்ணில் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

அப்போது மகாதேவி வந்தாள். கலியாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. தலை கூட வாராமல், வீட்டில் உடுத்தியிருந்த சட்டையோடு வந்திருந்தாள்.

"வா பிள்ளை" என்றாள் பாலேஸ்வரி.

மகாதேவி வரம்புக்கு அந்தப் பக்கமே நின்றாள். "ஐயாவோடை கதைச்சுப் பிரயோசனமில்லை மாமி. அவர் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த மருந்துக்கடைக்காரரும் கேக்கேல்லை. அவையிலை எனக்குக் கோபம் இல்லை. அவைக்குத் தெரியாது." அவள் குரல் உயரவில்லை. அதுதான் பாலேஸ்வரிக்குப் பயமாக இருந்தது. "உங்களுக்குத் தெரியும்தானே? என்னைக் கேக்கேல்லை, என்னைக் கேக்கேல்லை எண்டு என்ரை காதுக்குள்ளை எத்தினை வருசம் சொன்னனீங்கள்? நீங்கள் என்னைக் கேட்டியளோ?"

வழக்கமாகப் பாலேஸ்வரிக்குச் சொல்லுக்குப் பஞ்சமே வராது. உன்ரை கொப்பரிட்டைக் கேள் என்று சொல்லலாம். முதலிலை இது என்ரை காணியடி என்று சொல்லலாம். இரண்டும் நியாயமான சொல்தான்.

"கேக்கேல்லை" என்றாள்.

"கார் வந்து எங்கடை முத்தத்திலை நிக்குது" என்றாள் மகாதேவி. "எனக்கு அதைக் கண்ணிலை காட்டக் கூடாது." திரும்பி விறுவிறென்று போய்விட்டாள்.

மண்வெட்டியைப் போட்டது போட்டபடி பாலேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். வரும் வழியெல்லாம் யாரையாவது பிடித்து ஏச வேண்டும் போல் இருந்தது. கதிரவேலுவை ஏசினாள், மருந்துக்கடைக்காரனை ஏசினாள், நடராசாவை ஏசினாள். ஒன்றும் ஒட்டவில்லை. வீட்டுக்குக் கிட்ட வரும்போது ஒரு யோசனை வந்தது: பாதியை அந்தப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தால் என்ன? நாலு பரப்பு. கிணறு பொது. எழுதலாம். ஆனால் அதற்கு மனுசன்ரை கையெழுத்து வேண்டும். அந்த நினைப்பு வந்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்லத்தான் வேண்டும், அவளுக்கு நெஞ்சு லேசானது. அந்த மனுசன் வைக்காது. காரை வித்து எடுத்த காணியில் பாதியைக் காரை எடுத்தவளுக்கே கொடுக்க எந்த விசரன் கையெழுத்து வைப்பான்? கேட்பாள். அவர் மாட்டேன் என்பார். தான் கேட்டுப் பார்த்தேன், மனுசன் விடவில்லை என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வாழ்நாள் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாகத் தோட்டம் செய்யலாம்.

நடராசா வெறும் கொட்டிலுக்குள் வாங்குப்பலகையைப் போட்டு அதில் இருந்தார். நிலத்தில் எண்ணெய் சொட்டின கறை காய்ந்துபோய்க் கிடந்தது. பாலேஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மகாதேவி வந்தது, கேட்டது, தான் கேக்கேல்லை என்று சொன்னது, நாலு பரப்பு, கையெழுத்து. சொல்லி முடித்துவிட்டு, அவர் வெடிக்கப் போவதைக் காத்துக்கொண்டு நின்றாள்.

அவர் வெடிக்கவில்லை. அந்தக் கறையைக் காலால் தேய்த்தார்.

"அந்தப் பிள்ளை சொன்னது சரிதானே" என்றார். "நானும் உம்மைக் கேக்கேல்லை." பிறகு வாங்கில் நிமிர்ந்து இருந்தார். "நான் வைக்கிறன். எப்ப நொத்தாரிசிட்டைப் போவம்? நாளைக்கே போவமோ?"

பாலேஸ்வரிக்கு அப்போது வந்த கோபம் அந்தப் பதினொரு வருசத்தில் வந்ததில்லை. காணியை வித்தபோதும் இல்லை, எண்ணெயை ஊற்றினபோதும் இல்லை. இந்த மனுசன், ஒரு நாளும் அவள் சொன்னதைக் கேளாத மனுசன், கேட்கக் கூடாத இந்த ஒரு நாளில் ஓம் என்று சொல்லிவிட்டு, பழி போட ஒரு ஆளும் இல்லாமல் அவளை அவளிடமே தனியாக விட்டுவிட்டு இருக்கிறார்.

"நாளைக்கோ பாலேஸ்?" என்று அவர் திரும்பவும் கேட்டார்.

அவள் குசினிக்குள் போய், சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினாள். கல்லே இல்லாத அரிசி. புடைத்துக்கொண்டே இருந்தாள்.